மரியோ கஷ்டமா, நம்ம கைதான் மறந்துபோச்சா? பழைய ‘டிவி கேம்’ இன்றைக்கும் தாக்குப்பிடிக்கிறதா?

பொங்கல் லீவு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர். சென்னையில் ஐடி வேலை பார்க்கும் முப்பது சொச்சம் வயதுக்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் பக்கத்தில் அண்ணன் மகன், மூன்றாம் வகுப்பு. “இதுல நான் கில்லிடா” என்று மொபைலில் பழைய மரியோவைப் போடுகிறார். 30 விநாடி போகவில்லை. முதல் பள்ளத்திலேயே ஆள் காலி.

“என்ன சித்தப்பா, எட்டாவது உலகம் வரைக்கும் போவேன்னு சொன்னீங்க?”

“டேய், அப்போ கையில ரிமோட்டு இருந்துச்சுடா. இது டச்சு.”

பையன் சிரிக்கிறான். சித்தப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன அடி. சின்ன வயதில் கலக்கியதாக நினைத்ததெல்லாம் பொய்யா? இல்லை, அந்த கேமே இப்படித்தான் கடுப்பேற்றுமா? பழைய கேம்களை மறுபடி தொட்டுப் பார்க்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. பதில் சுவாரஸ்யமானது. சித்தப்பா சொன்ன சாக்கிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில், பிளாட்ஃபார்ம் கேம் என்றால் என்ன?

ஓடு, தாண்டு, ஏறு, விழாமல் போய்ச் சேர். இவ்வளவுதான். மேடையிலிருந்து மேடைக்குத் தாவிப் போவதால் அந்தப் பெயர்.

1981ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டாங்கி காங்’ இந்த வகைக்குப் பாதை போட்டது. அதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அதில் பீப்பாய்களைத் தாண்டிப் போகும் ஆளுக்கு முதலில் ‘ஜம்ப்மேன்’ என்றே பெயர். அவர்தான் பின்னாளில் மரியோ ஆனார். 1983 ஜூலையில் நின்டெண்டோவின் ‘ஃபாமிகாம்’ பெட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1985 செப்டம்பர் 13 அன்று அதில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தது. உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்த மொத்த கேமின் அளவு 40 கிலோபைட். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படத்துக்கே அதைவிட அதிக இடம் தேவைப்படும். அந்த 40 கிலோபைட்டுக்குள் 8 உலகங்கள், 32 நிலைகள், பாட்டு, வில்லன், இளவரசி எல்லாம் அடக்கம். இடம் போதாததால் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

நம்ம ஊர் டிவிக்குள் மரியோ எப்படி வந்தார்?

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது அசல் நின்டெண்டோ அல்ல, அதன் நகல். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று 90களில் பல பெயர்களில் பெட்டிகள் கிடைத்தன. பிறகு பெயரே இல்லாத பெட்டிகள் வந்தன. ஃபாமிகாமுக்குள் தனித்தனியாக இருந்த சிப்களை எல்லாம் ஒரே சிப்பில் அடக்கிவிடும் வழியை நகல் எடுப்பவர்கள் கண்டுபிடித்ததுதான் காரணம். பெட்டியைக் கழற்றினால் உள்ளே போர்டில் கறுப்பாக ஒரு பிசின் பொட்டு மட்டும் இருக்கும். மொத்த மிஷினும் அந்தப் பொட்டுக்குள்தான். தயாரிப்புச் செலவு சரிந்ததால், பர்மா பஜாரில் இருந்த பொருள் திருவிழாக் கடைக்கும் வந்தது.

பெட்டி வந்தால் போதுமா, டிவி வேண்டாமா? 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு 14 இன்ச் டிவி போய்ச் சேர்ந்தது. கிராமத்து வீடுகளுக்கு அது சீரியல் பார்க்கும் பெட்டி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு, அம்மா சீரியல் போடும்வரை, அதுவே கேம் பெட்டி. உலகம் பிளேஸ்டேஷன் 3க்குப் போய்விட்ட நேரத்தில், இங்கே ஒரு தலைமுறை 1985ன் மரியோவை அப்போதுதான் புதுசாக ஆடத் தொடங்கியது.

இன்னொரு பாதை கம்ப்யூட்டர் லேப். ஜான் ரொமேரோ உருவாக்கிய ‘டேஞ்சரஸ் டேவ்’, ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இரண்டும் பள்ளி, கம்ப்யூட்டர் சென்டர் மிஷின்களில் எப்படியோ இருக்கும். சார் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் டேவ் ஓடுவார்.

ஏன் இவ்வளவு கஷ்டமாகச் செய்தார்கள்?

மூன்று காரணங்கள். மூன்றும் பணத்தோடும் இடத்தோடும் சம்பந்தப்பட்டவை.

*ஒன்று, காசு போடும் மிஷின்.* பிளாட்ஃபார்ம் கேம் பிறந்தது வீட்டில் அல்ல, ஆர்கேடில். ஒரு காசுக்கு ஒருவர் அரைமணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். ஆள் சீக்கிரம் சாக வேண்டும், ஆனால் ‘இன்னொரு தடவை போட்டால் ஜெயிச்சிடலாம்’ என்றும் தோன்ற வேண்டும். மூன்று உயிர், ‘கேம் ஓவர்’, மறுபடி முதலிலிருந்து என்ற கணக்கெல்லாம் அங்கிருந்து வந்தது. வீட்டு கேமில் காசு போட வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை.

*இரண்டு, இடப் பஞ்சம்.* கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் மரியோவின் 32 நிலைகளையும் 20 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். குறுக்குவழிக் குழாய்களில் புகுந்து போனால் 5 நிமிடம்கூட ஆகாது. 2021ல் ஒருவர் 4 நிமிடம் 55 விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடித்துக் காட்டினார். காசு கொடுத்து வாங்கிய கேம் அரைமணி நேரத்தில் முடிந்துபோனால் யார் மதிப்பார்கள்? கேமை நீளமாக்க இடமில்லை. அதனால் கடினமாக்கினார்கள். சாவுதான் கேமை நீட்டும் மலிவான வழி.

*மூன்று, வாடகைக் கடை.* அமெரிக்காவில் கேசட்டை வாடகைக்கு எடுத்து ஆடும் பழக்கம் பெரிதாக இருந்தது. இரண்டு நாளில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். 1994ல் வந்த ‘தி லயன் கிங்’ கேமின் இரண்டாவது நிலை ஏன் அப்படி உயிரை வாங்குகிறது என்பதற்கு இதையே காரணமாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குட்டிச் சிங்கத்தைக் குரங்குகள் தூக்கி எறியும் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு அழுத பிள்ளைகளுக்கு இது தாமதமாக வந்த ஆறுதல்.

எல்லாக் கஷ்டமும் ஒன்றா?

இல்லை. ஒரு பழைய கேமை எடை போட மூன்று கேள்விகள் போதும்.

1. செத்தால், ஏன் செத்தோம் என்று புரிந்ததா?
2. கை சொன்னதைத் திரையில் இருக்கும் ஆள் கேட்டாரா?
3. ஒரு தப்புக்கு எவ்வளவு நேரம் அபராதம்?

முதல் இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது நியாயமான கஷ்டம். மாட்டுவண்டியோ பைக்கோ ஓட்டக் கற்பது மாதிரி. கை பழகப் பழக வசமாகும். ‘இல்லை’ என்றால் அது வெறும் கடுப்பு. மூன்றாவது கேள்விதான் வளர்ந்தவர்களைத் துரத்துவது. பத்து வயதில் மத்தியானம் முழுக்க நம்முடையது. முப்பது வயதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைப்பது இருபது நிமிடம்.

இந்தக் கேள்விகளோடு சில பழைய கேம்களைப் பார்ப்போம்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் (1985): இன்றும் நிற்கிறது, சில ஓட்டைகளோடு. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடி வந்து தாவினால் தூரம் கூடும். காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் திருப்பலாம். இது இல்லாமல் இன்றைய எந்தத் தாவல் கேமும் இல்லை. முதல் நிலையின் முதல் திரையே ஒரு பாடம். எதிரே ஒரு எதிரி நடந்து வரும். தாண்டத் தெரியாவிட்டால் சாவீர்கள், ஆனால் போனது சில விநாடிதான். அடுத்து, மேலே இருக்கும் கட்டையை முட்டினால் காளான் வரும், குழாயில் மோதித் திரும்பி உங்களிடமே வரும். நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்குள் மேலே பட்டுவிடும், ஆள் பெரிதாவார். ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் மொத்த விதியும் புரிந்துவிடும்.

ஓட்டை எங்கே? 4, 7, 8ஆம் உலகங்களின் கோட்டைகளில் சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். எது சரியான வழி என்பதற்கு எந்தத் துப்பும் கிடையாது. அதைத் திறமை என்று சொல்ல முடியாது, குலுக்கல் என்றுதான் சொல்ல வேண்டும். அதேபோல, ‘கேம் ஓவர்’ ஆனபின் முதல் திரையில் ‘ஏ’ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ஸ்டார்ட்’ தட்டினால், செத்த உலகத்திலிருந்தே தொடங்கலாம். இந்த வசதி கேமிலேயே இருந்தது. ஆனால் திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது தெரியாமல் முதல் உலகத்தையே நூறு முறை ஓடிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

அட்வெஞ்சர் ஐலண்ட் (1986): பாதி நியாயம், பாதி கடுப்பு. தொப்பி போட்ட ஆள் கோடாலி வீசிக்கொண்டே போவார். சக்தி தானாகக் குறைந்துகொண்டே இருக்கும், பழம் தின்றால்தான் உயிர். அதனால் நிற்க முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும். ஓடினால் கல் தடுக்கும். அந்தப் பரபரப்பு இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் செத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால், முதல் நிலையின் முடிவில் ஒளிந்திருக்கும் ஒரு தேனீயை முன்பே எடுத்திருக்க வேண்டும். இதை யார் சொல்லித் தருவார்கள்? பக்கத்து வீட்டு அண்ணன்தான்.

கான்ட்ரா (வீட்டு கேமாக 1988): தாவுவதோடு சுடவும் வேண்டும். ஒரு குண்டு பட்டால் காலி, மொத்தம் மூன்று உயிர். ஆனால் கை சொன்னதை அப்படியே கேட்கும் கேம். இருவர் சேர்ந்து ஆடும்போது இதை அடித்துக்கொள்ள இன்றும் ஆளில்லை. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று தட்டினால் 30 உயிர் கிடைக்கும் ரகசியக் குறியீடும் இதில் உண்டு. ‘கிரேடியஸ்’ என்ற வேறொரு கேமை வேலைக்காகச் சோதித்தபோது, தன்னாலேயே ஆட முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருந்ததால் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ முதலில் இந்தக் குறியீட்டை வைத்தார். கேமை உருவாக்கியவர்களுக்கே சலுகை தேவைப்பட்டது என்றால் நாம் எந்த மூலைக்கு?

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா (1989): அழகு குறையவில்லை, பொறுமை வேண்டும். மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதை வைத்துக் காட்சி காட்சியாக வரைந்தார். அதனால் இளவரசர் நிஜ மனிதர் மாதிரி அசைவார். அதுவேதான் சிக்கலும். நிஜ மனிதருக்கு ஓடி நிற்க நேரம் எடுக்கும் அல்லவா, இவருக்கும் எடுக்கும். மரியோ மாதிரி உடனே திரும்ப மாட்டார். இரண்டு அடி முன்பே யோசித்து பட்டனைத் தட்ட வேண்டும். மொத்தம் 60 நிமிடக் கெடு. செத்தால் நிலையின் தொடக்கத்துக்குப் போவீர்கள், கடிகாரம் மட்டும் பின்னால் போகாது.

கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் (1985): மன்னிக்கவும், இது கடுப்புதான். தாவிய பிறகு காற்றில் திரும்ப முடியாது. உயிரைக் கொடுத்துக் கடைசி வரை போனால், ‘பார்த்ததெல்லாம் மாயை, முதலிலிருந்து இன்னொரு முறை வா’ என்று அனுப்பிவிடும். இரண்டு முறை முடித்தால்தான் உண்மையான முடிவு.

நாம் ஆடியது அசல் மரியோதானா?

இங்கேதான் சித்தப்பாவின் சாக்குக்கு உயிர் வருகிறது.

ஜப்பானும் அமெரிக்காவும் ‘என்டிஎஸ்சி’ முறை டிவியைப் பயன்படுத்தின. விநாடிக்குச் சுமார் 60 முறை திரை புதுப்பிக்கப்படும். இந்தியாவில் ‘பால்’ முறை (காபியில் ஊற்றும் பால் அல்ல). அதில் விநாடிக்கு 50 முறை. அந்தக் கால கேம்கள் நேரத்தை விநாடியில் கணக்கிடவில்லை, ஃபிரேமில் கணக்கிட்டன. 30 ஃபிரேமில் முடியும் ஒரு அசைவு, 60 கணக்கில் அரை விநாடி. அதுவே 50 கணக்கில் 0.6 விநாடி.

அதாவது, பால் டிவிக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் மரியோ கிட்டத்தட்ட 17 சதவீதம் மெதுவாக ஓடினார். ஐரோப்பாவுக்குக் கொடுத்தபோது நின்டெண்டோ இந்தக் கணக்கைத் திருத்தி வேகத்தைச் சரிசெய்தது. நகல் கேசட்டில் அதையெல்லாம் யார் செய்யப் போகிறார்கள்? இன்று மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ நீங்கள் போடும் மரியோ பெரும்பாலும் 60 கணக்கில் ஓடுவது. சின்ன வயதில் பழகியதைவிட 20 சதவீதம் வேகம். கை மறந்துபோனது ஒரு பக்கம் இருக்கட்டும். கை பழகியதே வேறு வேகத்துக்கு.

இரண்டாவது, அந்தப் புகழ்பெற்ற ‘9999 இன் 1’ கேசட். பத்தாயிரம் கேம் இருக்கிறது என்று நம்பி முழுப் பட்டியலையும் தள்ளிப் பார்த்து ஏமாந்தவர்கள் அதிகம். உண்மையில் அதில் இருந்தது கொஞ்சம் கேம்தான். அதே மரியோ, அதே கான்ட்ரா வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அப்படியே அல்ல. ஒரு எண்ணில் நேராக வேறொரு நிலையில் தொடங்கும், இன்னொன்றில் 30 உயிரோடு தொடங்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட நகல் எடுத்தவர்கள் செய்த தில்லுமுல்லு அது. ஆனால் அதன் பலன் வேறு. அசல் கேசட் வாங்கிய அமெரிக்கப் பையன் மூன்று உயிரோடு முதல் நிலையில் அழுதுகொண்டிருந்தபோது, இங்கே ஒரு பையன் 30 உயிரோடு பிடித்த நிலையில் இறங்கி விளையாடினான். இன்றைய கேம்கள் பெருமையாகச் சொல்லும் ‘எளிய முறை’யை, திருட்டு கேசட்டே தெரியாமல் கொடுத்துவிட்டது.

ஆக, ‘அப்போ நான் கலக்கினேன்’ என்ற நினைவு பொய்யல்ல. கொஞ்சம் மெதுவான, கொஞ்சம் தாராளமான கேமில் கலக்கினீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் உண்மையிலேயே பொய். கேசட்டைக் கழற்றி ‘ஃபூ’ என்று ஊதியதால் அது வேலை செய்யவில்லை. கழற்றி மறுபடி சொருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம். எச்சில் ஈரம் நாளடைவில் பின்னைக் கெடுக்கத்தான் செய்யும்.

இன்று ஏன் இன்னும் கஷ்டமாகத் தெரிகிறது?

பழைய குண்டு டிவியில் பட்டனைத் தட்டியதும் ஆள் தாவுவார், இடையில் தாமதம் மிகக் குறைவு. இன்றைய எல்இடி டிவி படத்தை அழகாக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. சில டிவிகளில் அது 100 மில்லி விநாடியை எட்டும். சினிமா பார்க்கும்போது தெரியாது. மரியோவில் 100 மில்லி விநாடி என்றால் 6 ஃபிரேம். முழு வேகத்தில் ஓடும் மரியோ ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் புள்ளி நகர்வார். 6 ஃபிரேமுக்கு 15 புள்ளி. ஒரு செங்கல் கட்டையின் அகலமே 16 புள்ளிதான். நீங்கள் ஓரத்தில் சரியாகத் தட்டினாலும் அவர் அதற்குள் ஏறக்குறைய ஒரு கட்டை தள்ளிப் போயிருப்பார், அதாவது பள்ளத்துக்குள்.

மொபைலில் பிரச்சினை வேறு. கண்ணாடித் திரையில் பட்டனுக்கு மேடு கிடையாது. விரல் நகர்ந்துவிட்டது என்பது செத்த பிறகுதான் தெரியும். பட்டனைப் பார்க்காமல் தட்ட முடிவதுதான் இந்த வகை கேமின் உயிர். 2016ல் நின்டெண்டோ போனுக்கென்று மரியோவைச் செய்தபோது, அவரைத் தானாகவே ஓட விட்டு, தாவுவதை மட்டும் விரலிடம் கொடுத்தது.

புதிய கேம்கள் என்ன கற்றுக்கொண்டன?

கஷ்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை, அபராதத்தைக் குறைத்தால் போதும் என்பதை.

2010ல் வந்த ‘சூப்பர் மீட் பாய்’ பயங்கரக் கஷ்டம். ஆனால் செத்த அடுத்த நொடி அதே நிலையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். வழக்கமான நிலைகளில் உயிர்க் கணக்கே இல்லை. 2018ல் வந்த ‘செலஸ்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. மேடையின் ஓரத்தைத் தாண்டிக் கால் காற்றில் இருந்தாலும், அடுத்த சில ஃபிரேமுக்குள் தட்டினால் தாவலை ஏற்றுக்கொள்ளும். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும்வரை விழாத நரியின் பெயரால் இதற்கு ‘கொயோட்டி டைம்’ என்று பெயர். தரையைத் தொடும் முன்பே அவசரப்பட்டுத் தட்டினாலும், நினைவில் வைத்து, தொட்டதும் தாவும். ஆட்டக்காரருக்கு இது தெரியாது. ‘நான் சரியாகத் தட்டினேன்’ என்றுதான் தோன்றும். பழைய கேம்கள் பலவற்றில் இந்தச் சலுகை கிடையாது. புது கேமில் பழகிய பிள்ளைக்குப் பழையது கறாராகத் தெரிவது அதனால்தான்.

வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் செலஸ்ட்டில் தனி முறையே உண்டு. 2023ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்’ கேமிலும் எதிரி பட்டால் அடிபடாத பாத்திரங்கள் இருக்கின்றன. அண்ணன் ஒருவரை எடுத்துக்கொண்டால், தம்பி அடிபடாத ஆளோடு கூடவே வரலாம்.

இன்று எடுத்து ஆடலாமா?

ஆடலாம். கடுப்பு குறைய சில வழிகள்:

- முடிந்தால் நிஜ பட்டன் உள்ள கன்ட்ரோலரில் ஆடுங்கள். வயர் வைத்ததாக இருந்தால் தாமதம் இன்னும் குறையும்.
- டிவியில் போட்டால் ‘கேம் மோட்’ என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.
- நடுவில் சேமிக்கும் வசதியும் பின்னால் ஓட்டும் வசதியும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஏமாற்று வேலை என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். இங்கே முதலில் ஆடியதே 30 உயிரோடுதான்.
- மூன்று உயிர் போனால் அடுத்தவர் கையில் கொடுங்கள். ஒருவர் ஆட நால்வர் பார்ப்பதற்காகவே பிறந்த கேம்கள் இவை. தனியாக உட்கார்ந்தால் வரும் எரிச்சல், கூட்டத்தில் சிரிப்பாகிவிடும்.
- கோட்டையில் வழி தெரியாமல் சுற்றினால், கூச்சப்படாமல் தேடிப் பாருங்கள். அது உங்கள் தோல்வி அல்ல, அந்தக் கேமின் தோல்வி.

இழப்பது என்ன?

கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: இவை காணாமல் போனால் என்ன நஷ்டம்? அமெரிக்காவின் ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. விலை கொடுத்து வாங்க நினைத்தாலும் வழியில்லை. சிலர் தாமாக முன்வருகிறார்கள். மெக்னர் தன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரலை 2012ல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்.

நம்ம ஊர்க் கதை அதைவிட மோசம். இங்கே ஒரு தலைமுறை ஆடியது நகல் பெட்டியில், நகல் கேசட்டில், 50 ஃபிரேமில். அந்த மெதுவான மரியோவை, அந்த 30 உயிர் கான்ட்ராவை யாரும் அதிகாரப்பூர்வமாக விற்கவில்லை, விற்கவும் போவதில்லை. பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. இலவச டிவி பரணில் இருக்கலாம், அல்லது அதுவும் போயிருக்கலாம். மிச்சம் இருப்பது ஆடியவர்களின் நினைவு மட்டும்தான். அது எவ்வளவு துல்லியம் என்று மேலே பார்த்துவிட்டோம்.

சரி, தீர்ப்பு?

பழைய பிளாட்ஃபார்ம் கேம்கள் எல்லாமே பொக்கிஷம் என்பதும் தப்பு, எல்லாமே குப்பை என்பதும் தப்பு. கை சொன்னதைக் கேட்ட கேம்கள் 40 ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. காசுக்காகவும் வாடகைக்காகவும் இழுத்தடித்த இடங்கள்தான் நைந்துபோய்விட்டன. மரியோவின் தாவல் இன்றும் நிற்கிறது. மரியோவின் ‘கேம் ஓவர்’ நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் திரையில் செத்து, சிரித்து, மறுபடி தொடங்கும் பழக்கம். தோற்றால் எதுவும் போகாது, பணம் கேட்காது, விளம்பரம் வராது, ரேங்க் இறங்காது. இன்றைய மொபைல் கேம்களில் இது அரிது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க அது ஒன்றே போதுமான காரணம்.

மறுபடி கீழ்பென்னாத்தூர் திண்ணைக்கு. போன் இப்போது பையன் கையில். முதல் எதிரியிடம் செத்தான். இரண்டாவது முறை தாண்டினான். காளானைப் பார்த்துப் பயந்து ஓடினான், அது துரத்தி வந்து பட்டது, ஆள் பெரிதானார். “சித்தப்பா, பாருங்க பாருங்க!” பள்ளம் வந்தது. விழுந்தான்.

“விடு, கண்ணா. பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே தாண்டணும். இன்னொரு தடவை போடு.”